முசே கேட்ட வெள்ளைக் கோடு

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிற பழைய கொட்டகைக்குத் தரை போட்டது நான். கிளிஞ்சல்மேட்டில் இரண்டு சுண்ணாம்புக் காளவாய், குரும்பகரம் போகிற வழியில் ஒரு செங்கல் சூளை, நெல் அடைக்கிற கிடங்குகள் ஏழு, ஒரு பள்ளிவாசல் மினாராவுக்கு உச்சி வரைக்கும் பூச்சு, மாதா கோயில் மதிலில் பாதி, பிள்ளையார் குளத்துக்குப் படித்துறை. மூன்று சாமிக்கும் என் சுண்ணாம்புதான். சுனாமி வந்து கிளிஞ்சல்மேட்டை வாரிக்கொண்டு போன அன்று, கடலைப் பார்த்து நின்ற என் கிடங்குச் சுவர் விழவில்லை. அதன் மேல் ஏறித் தப்பித்தவர்கள் இன்றும் என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கி விடுவார்கள்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தது ஒரு சல்லடை, ஒரு மண்வெட்டி. காளவாய்க்காரன் மகனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று பேசினார்கள். பெண் கொடுத்தவர் வீட்டுக்கு நானே மாடி கட்டினேன். இன்ஜினியர்கள் படம் வரைந்து கொண்டு வருவார்கள். நான் பூச்சை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, இது நிற்கும், இது நிற்காது என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இனிமேல் எழுதப்போவது ஒரு பயந்தவனின் கதை. பயந்தவன் நான்தான். எதுவுமே சாதிக்காதவன் பயந்தான் என்றால் அதில் என்ன இருக்கிறது? இத்தனையும் கட்டியவன் பயந்தான் என்று தெரிந்தால்தான் அந்தப் பயத்தின் அளவு விளங்கும்.

எங்கள் ஊர் டவுன் கால்பந்து டீமுக்கு ஒரு மேனேஜர் இருந்தார். ஊரே அவரை முசே என்று கூப்பிட்டது. வெள்ளைக்காரனைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல் அது. இவர் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. வியட்நாமில் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர்; கடையை ஆள் பார்க்க விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். பிரெஞ்சுக்காரனிடம் பிரெஞ்சிலேயே திருப்பிக் கொடுப்பார் என்பதால் கிண்டலாக வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. கைலி கட்டி, மேலே சைகோன் பட்டுச் சட்டை, காலில் பளபளவென்று ஷூ. அந்த ஷூவோடு மைதானத்துச் சேற்றில் கோட்டை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பந்தைப் பார்க்க வரவில்லை, முசேயின் வாயைக் கேட்க வந்தவர்கள்.

பந்தை விட்டுவிட்டு நிற்கிறவனைப் பார்த்து, "என்னாப்பா, கால்ல மருதாணி வச்சிருக்கியா, காயணுமா" என்பார். வேகமாக ஓடி வெளியே அடிக்கிறவனிடம், "நீ நல்லா ஓடுற தம்பி, நாளைலேர்ந்து தபால் குடு" என்பார். திட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடுவான். அந்த வித்தை அவரிடம் இருந்தது. வலை இழுக்கிறவன், கடைக் கணக்கப்பிள்ளை மகன், தறிக்காரன், இவர்களை ஒரே டீமாகச் சேர்த்து ஓட விட்டவர் அவர்.

அவர் வாய்க்கு எல்லை கிடையாது. அது பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய வருடம், ஐம்பத்து நான்கு. ஊர் இந்தியாவோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம், வேண்டாம் என்று ஒரு கூட்டம். ஒரு ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கூட்டத்துப் பெரியவர்களும் ஆளுக்கொரு கொடியோடு மைதானத்துக்கு வந்தார்கள். எங்கள் கொடியைத்தான் ஏற்றவேண்டும் என்று இருவருமே கேட்டார்கள். முசே மைதானத்தின் நாலு மூலையையும் காட்டினார்.

"மூலைக்கு ஒரு கொடி ஏற்கனவே இருக்குதுங்க. அதுக்கு மேல வேணும்னா கொடிக்குப் பக்கத்துல ஆளுக்கு ஒரு மூலையா நீங்களே நில்லுங்க. கார்னர் அடிக்கறப்ப மட்டும் கொஞ்சம் நகந்துக்கங்க."

ஜனங்கள் சிரித்தார்கள். அந்தப் பெரியவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் அவரைக் குறித்து வைத்துக்கொண்டது என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்தார்கள்.

சிரித்ததை மட்டும் எழுதிவிட்டால் அந்த வருடம் ஏதோ திருவிழா போலத் தெரியும். அப்படி இல்லை. இந்திய எல்லையில் முள்கம்பி போட்டிருந்தார்கள். குரும்பகரத்திலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகச் சீட்டு வேண்டும். மண்ணெண்ணெய் இல்லை, விறகு வண்டி உள்ளே வருவதில்லை. எங்கள் தெருவில் வலை பின்னுகிற ஒருவரைச் சுவரில் ஏதோ எழுதினார் என்று சிப்பாய்கள் கூட்டிப்போனார்கள். பிரெஞ்சு சர்க்காரின் போலீஸ்காரர்களை நாங்கள் சிப்பாய் என்றுதான் சொல்வோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. ஒரு கையாலேயே வலை பின்னப் பழகிக்கொண்டார். அவர் எதிரே வந்தால் அந்தக் கையைப் பார்க்காமல் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். எனக்கு அப்போது இருபது வயது. கிளிஞ்சல்மேட்டில் இன்னொருவர் காளவாயில் கூலிக்குச் சுண்ணாம்பு சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் டவுன் டீமுக்கும் சர்க்கார் டீமுக்கும் ஒரு ஆட்டம். சர்க்கார் டீம் என்றால் சிப்பாய்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும். எங்கள் ஆள் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் பார்த்தோம். ரெப்ரி கொடுக்கவில்லை. மழையிலும் மிதியிலும் கோடு அழிந்து போயிருந்தது. கோடே தெரியவில்லை, எதைத் தாண்டியது என்று சொல்வது என்றார் அவர். ஆட்டம் சமனில் முடிந்தது. முசே ரெப்ரியிடம் போய், மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார்.

"கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, சைகோன்லேர்ந்து கண்ணாடி வரவழைச்சுத் தர்றேன். கோடு தெரியலன்னா கவலய வுடுங்க. அடுத்த தடவ கடல்ல போற கப்பல்லேர்ந்து பாத்தாலும் தெரியற மாதிரி போட்டுத் தர்றேன்."

போலீஸ் தலைவர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொமிசேர் என்போம் அவரை. புதுச்சேரிப் பக்கத்து ஆள். தமிழ் நன்றாகவே தெரியும். அவர் முசேயைப் பார்த்துக்கொண்டே கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார்.

அடுத்த ஆட்டம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு ஒரு வாரம் முன்னால் முசே காளவாய்க்கு வந்தார். எங்கள் முதலாளியிடம் பேசாமல் நேரே என்னிடம் வந்து நின்றார். இந்தக் கரையிலேயே ரொம்ப வெள்ளையான சுண்ணாம்பு உன்னுடையதுதானாமே என்று கேட்டார். ஊரில் அவ்வளவு பெரிய மனிதர் ஒரு கூலிக்காரனைத் தேடி வந்து அப்படிக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை. ஆட்டத்துக்குக் கோடு நீதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிஞ்சலை விறகோடு அடுக்கிக் காளவாயில் சுடுவோம். சுட்டெடுத்த கிளிஞ்சல் பார்க்கச் சாதுவாக இருக்கும். தண்ணீர் பட்டால் கொதிக்கும், வெடிக்கும், பிறகு மாவாக உதிரும். அதைத்தான் நீற்றுவது என்கிறோம். தாராளமாகத் தண்ணீர் விட்டு, ஈரச்சாக்குப் போட்டு மூடி, மூன்று நாளாவது ஆறவிட வேண்டும். அதற்குள் எடுத்தால் மாவுக்கு நடுவே நீறாத குருணை இருக்கும். பார்த்தால் தெரியாது. ஈரம் பட்டால்தான் தெரியும்.

எல்லை அடைத்திருந்ததால் விறகு வரவில்லை. விறகு கிடைத்து அடுக்கிச் சுட்டு முடிக்கும்போது சனிக்கிழமை ஆகிவிட்டது. மறுநாள் நாலு மணிக்கு ஆட்டம். பழைய சுண்ணாம்பு ஒரு மூட்டை இருந்தது. சாம்பல் கலந்து மங்கலாக, பிசுபிசுவென்று இருந்தது. அதைப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. ஆனால் கப்பலிலிருந்து தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தாரே. என் பெயரைக் கேட்டு வந்தாரே.

சனிக்கிழமை மத்தியானம் சூடு ஆறாத கிளிஞ்சலின் மேல் தண்ணீரைத் தெளித்து நீற்றினேன். நிறைய விட்டால் ஈரம் காயாது, கோடு போடும்போது கட்டி கட்டியாக விழும். அதனால் குறைத்தே தெளித்தேன். ஞாயிறு காலையில் ஒரு தடவை சலித்தேன். பால் போல் உதிர்ந்தது. குருணை இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும். சுண்ணாம்பு தெரியாத ஆள் இல்லை நான்.

மத்தியானம் கயிறு கட்டி, தகர டப்பாவில் ஓட்டை போட்டு, ஒரே சீராகத் தூவிக்கொண்டே போனேன். கோல் கோட்டில் மட்டும் இரண்டு மடங்கு கனமாகப் போட்டேன். முடித்து நிமிர்ந்தபோது அந்தக் கோடு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. முசே வந்து பார்த்தார். என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டுக்காகத்தான் எல்லாம்.

மைதானம் நிரம்பி வழிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஆறு சிப்பாய்கள் நின்றார்கள். ஆட்டத்துக்குத் துப்பாக்கி வந்தது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் சத்தம் போட்டாலும் அதில் ஒரு அடக்கம் இருந்தது. ஒருவர் எழுந்து கத்திவிட்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு மழை. பத்து நிமிடம்கூட இல்லை. ஆவணி மழை, வந்த வேகத்தில் போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. நான் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டதும் கோட்டைப் பார்த்தேன். அங்கங்கே மெல்லிசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் வெயில் பட்டால் வருகிற ஆவி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அது என்னவென்று தெரியும்.

அந்த நேரத்தில் நான் முசேயிடம் ஓடியிருக்கலாம். அவர் முப்பது அடி தூரத்தில்தான் இருந்தார். ஆட்டத்தை நிறுத்துங்கள், கோட்டின் மேல் மண்ணைத் தள்ளுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் முன்னால், துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால், பதில் சொல்ல வேண்டும். தூக்க முடியாத அந்த இடது கை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. யாரும் விழமாட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். அப்படியே நின்றேன்.

சர்க்கார் டீமின் கோல்கீப்பர் நம்ம ஊர் ஆள்தான். சிப்பாய் வேலைக்குப் போய் நாலு வருடம், கல்யாணம் ஆகி ஆறு மாதம். நல்ல உயரம். எங்கள் ஆள் இடது பக்கத்திலிருந்து அடித்தார். அவர் பாய்ந்து, பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார். முகம் கோட்டில் பதிந்தது. எங்கள் ரசிகர்கள் இன்றைக்கும் அதைக் கோல் என்றுதான் சொல்வார்கள். பந்து தாண்டியதா என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

முதலில் அவர் கண்ணைக் கசக்கினார். பிறகு பந்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அதை எழுத்தில் எழுதத் தெரியவில்லை.

முதலில் ஓடி வந்தது முசே. எதிர் டீம் ஆள் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. கையில் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் கூஜா. கோல்கீப்பரின் தலையை மடியில் சாய்த்து, கையை விலக்கி, கண்ணில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி ஊத்தாதீங்க முசே, கொதிக்கும். எண்ணெ, எண்ணெதான் ஊத்தணும்."

எங்கள் காளவாயில் அதுதான் வழக்கம். கையிலோ காலிலோ சுண்ணாம்பு பட்டு வெந்தால் தண்ணீர் காட்டமாட்டோம், எண்ணெய்தான் தடவுவோம். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிப்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? முசே என் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்புக்காரன் சொல்கிறான் என்று கூஜாவைக் கீழே வைத்தார். மைதானத்து எதிர்வீட்டிலிருந்து யாரோ நல்லெண்ணெய்க் கிண்ணம் கொண்டு வந்தார்கள். ஊற்றினோம். கோல்கீப்பர் கத்திக்கொண்டே இருந்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர நெடுநேரம் ஆகிவிட்டது. டாக்டர் எண்ணெயையெல்லாம் துடைத்துவிட்டுத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றிக் கழுவினாராம். பட்ட உடனே தண்ணீரைக் கொட்டியிருந்தால் இரண்டு கண்ணும் தேறியிருக்கும், எந்த முட்டாள் தடுத்தது என்று திட்டினாராம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அது பிறகு தெரிந்த விஷயம். மைதானத்தில் அதற்குள் சிப்பாய்கள் எங்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். கொமிசேர் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். சிப்பாயின் கண்ணைக் கெடுக்க இந்தியாவோடு சேரவேண்டும் என்கிற கூட்டம் செய்த சதி என்று அவர் முடிவே பண்ணிவிட்டது தெரிந்தது. கோடு போட்டது யார் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

என் கை முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. பின்னால் மறைத்துக்கொள்ளத் தோன்றியது. அசைந்தால் பார்த்துவிடுவாரோ என்று அதையும் செய்யவில்லை. பேச வாயைத் திறந்தேனா என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். திறக்கவில்லை.

"நாந்தான்" என்றார் முசே. முதலில் பிரெஞ்சில் சொன்னார், பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழில். "கப்பல்லேர்ந்து பாத்தாலும் தெரியற மாதிரி போடறேன்னு ஒங்க எதுருலதான சொன்னேன். சுண்ணாம்பு எடுத்தாந்தது நான். கோடு போட்டது நான். அந்தப் புள்ளைக்கு இப்புடி ஆகும்னு நெனக்கல."

கொமிசேர் அவரை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கிட்டே வந்தார். இவன் யார் என்று கேட்டார்.

முசே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனா? அவன் வெத்தலச் சுண்ணாம்பு விக்கிறவன். அவனையும் புடிச்சிட்டுப் போனீங்கன்னா நாளைக்கு ஊர்ல ஒருத்தர் வாயும் செவக்காது. அப்பறம் ஒங்க வூட்டம்மாதான் மொதல்ல சண்டைக்கு வருவாங்க."

அந்த நேரத்திலும் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒரு சிப்பாய்க்கும் வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது. கொமிசேர் நின்றார். பிறகு முசேயின் தோளைப் பிடித்துத் தள்ளச் சொன்னார். பட்டுச் சட்டை தோளில் கிழிந்தது. அவரை நடத்தியே கூட்டிப்போனார்கள்.

அந்தப் பேச்சை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கொமிசேரையே வெற்றிலை போட வைத்தாரே என்பார்கள். வெற்றிலைச் சுண்ணாம்புக்காரன் யார் என்று யாரும் கேட்டதில்லை.

முசே லாக்கப்பில் இருந்த நாட்களில் நான் பகலெல்லாம் அணைந்து கிடந்த காளவாய்க் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன். மேலே காலடி கேட்டால் மூச்சை அடக்குவேன். காக்கை கத்தினால்கூட யாரோ என் பெயரைச் சொல்வது போல இருக்கும். விறகு இல்லாததால் வேலையும் இல்லை. யாரும் என்னைத் தேடவில்லை. ரசிகர்கள் தினமும் லாக்கப் எதிரே தெருவில் போய் நிற்பார்கள். அவர் உள்ளேயிருந்தே பதில் கொடுப்பாராம். ஒருநாள் யாரோ இட்லி கொண்டுபோனபோது, இட்லியை மட்டும் உள்ளே அனுப்பு, நீ வந்துவிடாதே, இங்கே ஏற்கனவே இடமில்லை என்றாராம். எல்லோரும் சிரித்துவிட்டு வருவார்கள். நான் இரண்டு நாள் அந்தத் தெரு முனை வரை போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் நின்ற சிப்பாயின் பெல்ட்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். இரண்டு நாளும் அதே இடத்திலிருந்து திரும்பினேன்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி. ஒருநாள் அவர் காளவாய்ப் பக்கம் வந்து, குழிக்குள் குனிந்து பார்த்தார். எனக்கு உயிரே போனது. நானா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார் என்றார். அண்ணனை அவர்கள் வீட்டில் நானா என்பார்கள்.

"இனிமே நீத்தறப்ப தண்ணி நெறைய ஊத்தச் சொன்னாங்க. மூணு நாளு ஆறவைக்கணுமாம். அவ்வளவுதான் சொன்னாங்க."

முசேக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் லாக்கப்புக்குப் போயிருந்தார்.

ஐப்பசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். முசே வெளியே வந்தார். பத்து கிலோ இளைத்த மாதிரி இருந்தார். வாய் மட்டும் இளைக்கவில்லை. ஆனால் சைகோனுக்குத் திரும்பிப் போகிற காகிதத்தைக் கைதான அன்றே ரத்து செய்திருந்தார்கள். அங்கே கடையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். இங்கே சின்னதாகத் துணிக்கடை போட்டார். அந்தக் கோல்கீப்பரைக் கூப்பிட்டுத் தன் கடையில் உட்காரவைத்தார். அவர் விரலால் தடவியே இது எந்த ஊர்ச் சேலை என்று சொல்லப் பழகிக்கொண்டார். தன் கண்ணைக் கெடுத்தவர் முசேதான் என்றே கோல்கீப்பர் கடைசி வரை நினைத்தார். மன்னித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வார். முசே பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாத மனிதர், அதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை.

நான் பெரிய ஆளான பிறகு கோல்கீப்பரின் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்து கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. முடிந்த அன்று அவர் சுவர் நெடுகக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். நல்ல வழுவழுப்பு, ரொம்ப நாள் ஆறவிட்ட சுண்ணாம்பு போல என்றார். ஆமாங்க என்றேன். அன்றைக்கு என்னை அடிக்க எந்தச் சிப்பாயும் இல்லை. ஊரில் நான்கு பேர் எனக்கு நாற்காலி போடுகிற காலம் அது. ஆனாலும் அதே பயம். பயம் ஆளைப் பார்த்து வருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊர் இதை வேறு கதையாக்கியது. பிரெஞ்சுச் சிப்பாயின் கண்ணில் சுண்ணாம்பைத் தூவிய தேசபக்தர் முசே என்று. அவருக்கு எடுத்த ஒரு பாராட்டு விழாவில் ஒருவர் மேடையிலேயே அப்படிப் பேசினார். முசேக்கு அப்போது எழுபது வயது இருக்கும். எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "நான் நாட்டுக்காக எவன் கண்ணையும் கெடுக்கலீங்க. அது வேலையில வந்த தப்பு. தெரியாததப் பேசாம ஒக்காருங்க" என்றார். வழக்கம் போல எல்லோரும் கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்து சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்கமாட்டேன்.

இப்போது முசேயும் இல்லை, கோல்கீப்பரும் இல்லை. போன வருடம் ரசிகர்கள் முசேக்கு ஒரு நினைவு மலர் போட்டார்கள். அவரோடு பழகியவர் என்று என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது மருதாணியும் தபாலும் வெற்றிலையும் இருந்தன. என் சுண்ணாம்பு இல்லை; கோடு போட்டது முசே என்றே இருந்தது. கேட்டதற்கு, முசேயின் பெருமை குறைந்துவிடும், உங்களுக்கும் இந்த வயதில் எதற்கு இது என்றார்கள். மலர்க்குழுத் தலைவர் மரியாதையான பையன்தான். பையன் என்றால் அறுபது வயது.

அதனால் இதை அந்த மலர்க்குழுவுக்கே எழுதுகிறேன். எனக்கு எண்பத்தெட்டு நடக்கிறது. இதை அச்சுக்குக் கொடுக்கும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. கோல்கீப்பரின் பிள்ளைகள் படிப்பார்கள்; வாசலில் வந்து நின்று ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும். மலருக்கு இரண்டாம் பதிப்பு போடுவதாகச் சொல்கிறீர்கள். முசே செய்தது என்று நீங்கள் போட்டிருக்கிற அந்தப் பக்கத்தில் மூன்று காரியம் என்னுடையது. நீறாத சுண்ணாம்பு என்று தெரிந்தே கோடு போட்டது நான். ஆவி வந்ததைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். கூஜாவைப் பிடித்து நிறுத்தியது என் கை. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், என்னுடையதைத் தன்னுடையது என்று சொன்னது. அதை அவர் பெயரில் போடுங்கள். மற்ற மூன்றையும் என் பெயரில் போடுங்கள். ஒரு வரி குறையக் கூடாது.